மஞ்சள் பொட்டு வைத்த கதவு

அருள்செல்வி வீட்டுப் பின்கதவுக்கு ஓர் அரிசி டிரம்தான் காவல்.

டிரம்முக்குள் அரிசி. டிரம்மின் மேல் ஒரு குடம். குடத்தின் மேல் ஒரு குண்டான். குண்டானின் மேல் நான்கு எவர்சில்வர் டம்ளர்கள். வெளியிலிருந்து யாராவது கதவைத் தள்ளினால் எல்லாம் உருண்டு விழும். அந்தச் சத்தத்தில் கள்ளிக்குப்பமே எழுந்து உட்கார்ந்துவிடும்.

இது அப்பா பிரகாசத்தின் ஏற்பாடு. அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டுகிறார். எதையும் யோசித்துத்தான் செய்வார். ஆனால் பக்கத்து வீட்டுப் பூனை யோசிக்காதே! ஜன்னல் வழியாகக் குதித்து, வாரத்தில் மூன்று முறை டம்ளர்களைத் தள்ளிவிட்டது.

இத்தனை பாடும் மழையால் வந்தது. ஐப்பசி மழையில் கதவின் நிலை ஊறிப்போனது. ஊறிய மரத்தில் கரையான் குடிவந்தது. ஒருநாள் அம்மா சாராள் தாழ்ப்பாள் போட்டபோது, அது போய் மாட்டுகிற இடத்தில் இருந்த மரம் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. தாழ்ப்பாள் இருந்தது. அதை மாட்டத்தான் இடமில்லை.

வீட்டின் சொந்தக்காரர் இராமகிருஷ்ணன் நான்கு வீடு தள்ளி இருந்தார். நல்ல மனிதர். குழாயில் தண்ணீர் வராத நாளில், "எங்க பம்புல அடிச்சுக்கோங்க" என்று அவரே கூப்பிட்டுச் சொல்வார். செல்வியின் தம்பி ராஜுவைப் பார்த்தால் சட்டைப் பையிலிருந்து மிட்டாய் எடுத்துத் தருவார். ஒரே ஒரு குறைதான். எதைக் கேட்டாலும், "ஆகட்டும், பாத்துக்கலாம்" என்பார்.

பார்த்துப் பார்த்துக் கார்த்திகை முடியும் நேரத்தில், ஆசாரி தசரதனை அனுப்பி வைத்தார்.

தசரதன் நிலையைத் தட்டிப் பார்த்தார். அளவெடுத்தார். பிறகு அம்மாவிடம், "யக்கா, கொஞ்சம் மஞ்சத்தூள் கீதா?" என்று கேட்டார்.

அம்மா அஞ்சறைப் பெட்டியிலிருந்து மஞ்சள்தூள் எடுத்துக் கொடுத்தார். தசரதன் அதைத் தண்ணீரில் குழைத்து, நிலையின் உச்சியில் ஒரு பொட்டு வைத்தார். உளியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஐந்து வயது ராஜு வாய் பிளந்து பார்த்தான். "கதவுக்கு ஜுரமா?"

"இல்ல நைனா, வேலைய ஆரம்பிச்சா இப்படித்தான்" என்று சிரித்தார் தசரதன். "மரம் வாங்கிகினு நாளைக்கு வரேன்க்கா."

மறுநாள் ஜுரம் வந்தது. கதவுக்கு அல்ல, தசரதனுக்கு. பாவம், பத்து நாள் படுத்துவிட்டார். அவர் எழுந்து நடப்பதற்குள் மார்கழி பிறந்துவிட்டது.

அப்பா செல்வியையும் அழைத்துக்கொண்டு இராமகிருஷ்ணன் வீட்டுக்குப் போனார்.

"மார்கழியில வீட்டு வேலை எதையும் நாங்க ஆரம்பிக்கிறதில்ல பிரகாசம். எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தான்" என்றார் இராமகிருஷ்ணன். "தை பொறக்கட்டும். மறுநாளே தசரதன் வந்து நிப்பான்."

"சரிங்க சார்" என்றார் அப்பா. அவருக்கு அதற்கு மேல் பேச வராது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மாவின் முகம் வாடியது. "தைக்கு முன்னாடி கிறிஸ்துமஸ் வருதே!"

கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலை நாலரை மணிக்கு ஆராதனை. அம்மா பாடகர் குழுவில் இருக்கிறார். எட்டு வருடமாகக் கடைசி வரிசையில் நின்று பாடியவருக்கு, இந்த வருடம்தான் ஒரு பாட்டைத் தனியாகப் பாடும் வாய்ப்பு வந்திருந்தது. சோறு வடிக்கும்போதும் அந்தப் பாட்டு, துணி துவைக்கும்போதும் அந்தப் பாட்டு. ராஜுவுக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது.

அந்த வாரம் இன்னொன்றும் நடந்தது. பின்தெருவில் ஒரு குடும்பம் கல்யாணத்துக்குப் போய் வருவதற்குள், யாரோ பின்கதவை நெம்பி, குக்கரையும் ரேடியோவையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று மாலை அம்மா பாட்டு நோட்டை எடுத்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"நீங்க மூணு பேரும் சர்ச்சுக்குப் போய்ட்டு வாங்க. வீட்டை நான் பாத்துக்கறேன்."

"நான் இருக்கேன் சாரா. நீ போய்ப் பாடு" என்றார் அப்பா.

"நீங்க கேக்காம நான் பாடி என்ன? வேணாம், விடுங்க. நாளைக்கு வேற யாரையாவது பாடச் சொல்லிட்டு வந்துடறேன்."

செல்வி பெட்டியருகே வந்து நின்றாள். "நாளைக்குச் சொல்லாதம்மா. ஒரே ஒரு நாள் பொறு" என்றாள். எதற்காக ஒரு நாள் கேட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

செல்விக்கு மார்கழியில் ஒரு வேலை உண்டு. வீட்டுக்குப் பின்னால் அம்மா போட்ட பூசணிக்கொடி படர்ந்திருந்தது. விடிவதற்கு முன்பே பூக்களைப் பறித்து, இராமகிருஷ்ணனின் மனைவி லோகநாயகியிடம் கொடுப்பாள். அவர் அவற்றைக் கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் செருகி வைப்பார். யாரும் செல்வியைச் செய்யச் சொல்லவில்லை. அந்தக் கோலம் அவளுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

மறுநாள் காலை அவள் பூவோடு வந்தபோது, லோகநாயகி அவள் கால்களைப் பார்த்தார்.

"என்னடி கண்ணு இது, முழங்கால் வரைக்கும் சேறு?"

"பின்கதவைத் திறக்க முடியாது ஆன்ட்டி. டிரம் வெச்சிருக்கோம். அதான் சந்து வழியா சுத்திப் போனேன்."

"அடடா, எனக்குப் பூ கொடுக்கவா இவ்ளோ கஷ்டப்படற?"

செல்வி கோலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலில் பாதிக் கோலம்தான் முடிந்திருந்தது. அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஆன்ட்டி, மார்கழியில வேலையே செய்யக் கூடாதா, இல்ல ஆரம்பிக்கத்தான் கூடாதா?"

"புதுசா ஆரம்பிக்கத்தான் மாட்டோம். முன்னாடியே ஆரம்பிச்ச வேலையை முடிக்கலாமே. அரைகுறையா விடுறதுதான் தப்பு."

"அப்போ ஆசாரி கார்த்திகையிலயே மஞ்சள் பொட்டு வெச்சிருந்தா?"

கோலமாவு அள்ளிய லோகநாயகியின் கை அப்படியே நின்றது. "பொட்டு வெச்சானா? எங்க?"

"எங்க பின்கதவு நிலையில. இன்னும் இருக்கு ஆன்ட்டி."

"என்னங்க!" என்று லோகநாயகி உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "இங்க கொஞ்சம் வாங்க!"

காலை எட்டு மணிக்கு இராமகிருஷ்ணன் வந்தார். தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் மப்ளர். நைட் ஷிப்ட் முடித்த அப்பா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா அந்தப் பொட்டு?" என்று கேட்டபடி அவர் அடுக்களைக்குள் நுழைந்தார். அண்ணாந்து பார்க்க வசதியாக டிரம்மைக் கொஞ்சம் நகர்த்தினார்.

"சார், வேணாம்!" என்றார் அம்மா.

அதற்குள் டம்ளர்கள் விழுந்தன. குண்டான் விழுந்தது. கடைசியாகக் குடம், "டமார்!"

இராமகிருஷ்ணன் இரண்டடி துள்ளிக் குதித்தார். அடுத்த நொடி, கையில் துடைப்பத்தோடு அப்பா பாய்ந்து வந்தார். "திருடன்! விடாத, பிடி!"

ஓங்கிய துடைப்பம் குரங்குக் குல்லாவுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"சா... சார், நீங்களா!" அப்பாவுக்கு வேர்த்துவிட்டது.

ராஜு கைதட்டிச் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. இராமகிருஷ்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டிரம்மின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். சிவந்திருந்த அப்பாவின் கண்களைப் பார்த்தார்.

"தினமும் இப்படித்தான் தூங்கறியா பிரகாசம்?"

"பூனை வர்ற அன்னிக்கு மட்டும் சார்."

இராமகிருஷ்ணன் அண்ணாந்து பார்த்தார். நிலையின் உச்சியில், கொஞ்சம் காய்ந்துபோய், மஞ்சள் பொட்டு அப்படியே இருந்தது.

"எங்கிட்ட தசரதன் இதைச் சொல்லவே இல்லையே!"

"அவருக்கு ஜுரம் அங்கிள். மறந்திருப்பார்" என்றாள் செல்வி. "ஆனா கார்த்திகையிலயே ஆரம்பிச்சாச்சு. முடிக்கிறதுதான் பாக்கி. அரைகுறையா விட்டா தப்புன்னு ஆன்ட்டி சொன்னாங்க."

அவர் செல்வியைப் பார்த்தார். பிறகு விழுந்து கிடந்த குடத்தைப் பார்த்தார். குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

"எல்லாரையும் விட எங்கப்பா சொன்னதை நீதாம்மா சரியாப் புரிஞ்சிக்கிட்ட. இன்னிக்கே தசரதனை அனுப்பறேன்."

அன்று அவர் "பாத்துக்கலாம்" என்று சொல்லவே இல்லை.

மத்தியானமே தசரதன் மரத்தோடு வந்தார். இரண்டு நாள் வேலை. உளுத்த பகுதியை அறுத்து எடுத்து, புது மரத்தைச் சேர்த்து இணைத்தார். கரையான் வராமல் இருக்க மருந்து பூசினார். மேலே நீளமான இரும்புத் தாழ்ப்பாள் போட்டார். அதன் பிறகு, செல்வியின் தோள் உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாளையும் அடித்தார்.

"இதை அங்கிள் சொல்லலையே?" என்றாள் செல்வி.

"இது நம்ம கிறிஸ்மஸ் பிரசண்ட்டு பாப்பா. நீயே போடு, நீயே தொற. நான் ஜுரத்துல படுத்துக்கினு உங்கள எல்லாம் அலைய வுட்டேன்ல?"

செல்வி புதுத் தாழ்ப்பாளை இழுத்து மாட்டினாள். 'டக்' என்று கெட்டியாக விழுந்தது. கதவைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. அவளுக்குத் தசரதனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அதற்குப் பதிலாக ஓடிப்போய் அவருக்கு டீ கொண்டுவந்தாள்.

அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து பாட்டு நோட்டை வெளியே எடுத்தார்.

கிறிஸ்துமஸ் விடியலில் நால்வரும் புதுத்துணி உடுத்திக்கொண்டு சர்ச்சுக்கு நடந்தார்கள். அம்மா தனியாக முன்னால் வந்து நின்று பாடினார். முதல் வரியில் குரல் லேசாக நடுங்கியது. மூன்றாவது வரிசையில் அப்பாவைப் பார்த்ததும் நடுக்கம் போய்விட்டது. அப்பா தூங்காமல் கேட்டார். நைட் ஷிப்ட் பார்த்துக் களைத்திருந்தவர் அவர்! செல்வி கண்ணை மூடி நன்றி சொன்னாள். தசரதனுக்காக, பூசணிப்பூவுக்காக, லோகநாயகி ஆன்ட்டிக்காக, அங்கிளுக்காக. கடைசியில் அந்த மஞ்சள் பொட்டையும் சேர்த்துக்கொண்டாள்.

அவர்கள் திரும்பியபோது மணி ஏழு. வீட்டு வாசலில் ஒரு நாற்காலி. அதில் குரங்குக் குல்லா போட்ட உருவம் ஒன்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தது. காலடியில் ஒரு கைத்தடி.

"சார், நீங்க இங்க என்ன பண்றீங்க?" என்றார் அப்பா பதறிப்போய். "அதான் கதவைச் சரி பண்ணிட்டீங்களே!"

"கதவெல்லாம் கெட்டியாத்தான் இருக்கு" என்றார் இராமகிருஷ்ணன். "ஆனா புதுக் கதவு காவல் காக்கற முதல் நாள் ஆச்சே. தனியா விட மனசு வரல."

நாலரை மணியிலிருந்து அவர் பனியில் அங்கேயே உட்கார்ந்திருந்தார் என்று லோகநாயகி அப்புறம் சொன்னார்.

செல்வி உள்ளே ஓடினாள். அம்மா செய்த கேக்கை இன்னும் யாரும் வெட்டவில்லை. முதல் துண்டை, மிகப் பெரிய துண்டாக வெட்டி, தட்டில் வைத்து அங்கிளிடம் நீட்டினாள்.

"இப்ப சாப்பிடறீங்களா அங்கிள், இல்ல அப்புறம் பாத்துக்கலாமா?"

"கொண்டா இங்க!" என்று தட்டை வாங்கிக்கொண்டார் இராமகிருஷ்ணன்.