இரண்டு நிமிட மங்கல்

காலை 11.05.

"அடப்பாவிகளா! கடைசி எபிசோடு போச்சே!"

முதலாளி போட்ட கூச்சலில் புகார் அக்காவின் ஹெட்போனே அதிர்ந்தது. அந்த வீடியோ கம்பெனியில் 'படம் நிக்குது, சுத்துது' என்று திட்டுபவர்களின் அழைப்பை எடுப்பது அவள் வேலை. பதினோரு வருஷம் திட்டு வாங்கியதில் காது மட்டும் கூர்மையாகியிருந்தது.

விஷயம் இதுதான். எட்டு மாதமாக ஓடிய தொடரில் கொலைகாரன் யார் என்பது அன்று மாலை ஆறு மணிக்குத்தான் தெரியவேண்டும். அதற்குள் கடைசிப் பத்து நிமிடம் ஊர் முழுக்க செல்போனில் சுற்றிக்கொண்டிருந்தது.

"தாடிதான்! சர்வர் சாவி அவன்கிட்டதானே இருக்கு?" என்றார் முதலாளி. தாடி என்பது சர்வரைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர். வேலைநீக்கக் கடிதம் பிரிண்டரில் சூடாக வந்து விழுந்தது.

"சார், சம்சாரம் மாசமா இருக்கா சார்," என்றான் தாடி.

11.20. அக்கா அந்த வீடியோவை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி தெளிவு. நாலாவது நிமிடம் சடாரென்று மங்கியது. சரியாக இரண்டு நிமிடம். மறுபடி சடாரென்று தெளிந்தது.

"முழுப் படம் யார் யார்கிட்ட சார் இருக்கு?"

"எடிட்டர்கிட்ட, தாடிகிட்ட. எனக்கு நெட்ல பார்க்க ஒரு லிங்க். அவ்வளவுதான்."

"எடிட்டரே, உங்க மெஷின்ல ஓட்டினா மங்குமா?"

"டிஸ்க்லயே இருக்கிற படம் எதுக்கு மங்கணும்?" எடிட்டருக்குக் கோபமே வந்துவிட்டது.

"உன்கிட்ட, தாடி?"

"என்கிட்ட இருக்கிறதும் டிஸ்க்லதான் அக்கா. நெட்ல பார்த்தாத்தான் மங்கும். லைன் திணறினா, படம் நிக்காம இருக்க, தரத்தைக் குறைச்சு அனுப்புவோம்."

அக்கா முதலாளி பக்கம் திரும்பினாள். "லிங்க்கை எதுல திறந்தீங்க?"

"டேப்லெட்ல. இன்னிக்கு அதை வீட்டுலயே மறந்துட்டேன்."

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"இதென்னம்மா கேள்வி? நேத்து மிச்சத்தை நானே மைக்ரோவேவ்ல சூடு பண்ணிக்கிட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிஷம்."

"அப்போ வீட்டுல யார் முழிச்சிருந்தாங்க?"

"மாமியார் மட்டும்தான். ஹால்ல உட்கார்ந்து, காதுல மாட்டிக்கிட்டு, என் டேப்லெட்ல ஏதோ..."

"பக்கத்துல மைக்ரோவேவ் ஓடினா பல வீட்டுல வைஃபை திணறும் சார். தினமும் நாலு பேர் அழுவாங்க, அடுப்பை நிறுத்துங்கம்மான்னு சொல்வேன். மங்கினது சரியா ரெண்டு நிமிஷம். ஆரம்பமும் பட்டுனு, முடிவும் பட்டுனு. அது லைன் கோளாறு இல்ல, டைமர். நெட்ல பார்க்க முடியுறது உங்க லிங்க்ல மட்டும்தான். ஸ்க்ரீனைப் பதிவு பண்ணி அனுப்பினது உங்க மாமியார். மங்க வெச்சது நீங்க."

முதலாளி கடிதத்தை நாலாகக் கிழித்தார்.

"மானம் போச்சே! முடிவு தெரிஞ்சப்புறம் எவன் பார்ப்பான்?"

"எங்க சார் தெரிஞ்சுது? கொலைகாரன் மூஞ்சியைக் காட்டுறதே அந்த ரெண்டு நிமிஷத்துலதான். வெறும் கரும்புள்ளி. யாருன்னு தெரியாம ஊரே மண்டையைப் பிச்சுக்குது."

மாலை 6.00. கடைசி எபிசோடைப் பார்க்க, எந்த நாளும் வராத கூட்டம் வந்தது. தாடி கூடுதல் சர்வர்களை ஒன்றன் பின் ஒன்றாக ஓடவிட்டு, படம் நிற்காமல் காப்பாற்றினான்.

6.50. முதலாளியின் செல்போன் அடித்தது. மறுமுனையில் மாமியார். கேட்கவேண்டியதைக் கேட்டுவிட மூச்சை இழுத்தார் மனிதர். அந்தம்மாள் முந்திக்கொண்டாள்.

"மாப்ளே, காலைல முக்கியமான இடத்துல படம் மங்கிப்போச்சு. சிநேகிதிங்க பன்னெண்டு பேருக்கு அனுப்பி மூஞ்சி தெரியுதான்னு கேட்டேன், ஒருத்திக்கும் தெரியல. என்ன கம்பெனி நடத்துறீங்க? புகார் சொல்ல யாராவது இருக்காங்களா, இல்லையா?"

முதலாளி செல்போனை அக்காவிடம் நீட்டினார்.

"வணக்கம்மா. உங்க சந்தா எண் சொல்லுங்க."

"சந்தாவா? மாப்பிள்ளை கம்பெனிக்கு நான் எதுக்கும்மா சந்தா கட்டணும்?"