கெடுங்சாரியின் காகித மூட்டைகள்

ரெத்னானிங்சியின் வீட்டுக்குள் சுமினா வரவில்லை. கையிலிருந்த பிளாஸ்டிக் பையை வாசலுக்கு வெளியே ஓரமாக வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். அப்படியும் நாற்றம் உள்ளே வந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த தர்சோனோ தட்டைத் தள்ளி வைத்தான்.

"மன்னிச்சுக்குங்க இபு. கண்ணால காட்டாம சொன்னா யாரும் நம்பமாட்டேங்கறாங்க" என்றாள் சுமினா.

பெண்களை 'இபு' என்றும் ஆண்களை 'பாக்' என்றும் மரியாதையாகக் கூப்பிடும் அந்த ஊரில், இபு ரெத்னானிங்சி இருபத்தெட்டு வருடம் நகரச் சந்தையில் இறைச்சிச் சோதனை செய்தவர். கெட்டதை நல்லதென்று விற்றவர்கள் அவர் பெயரைக் கேட்டாலே கடையை மூடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அக்கம்பக்கத்துச் சிக்கல்கள் அவரிடம்தான் வந்தன. வாடகைக்கு மோட்டார்சைக்கிள் ஓட்டும் தர்சோனோ, அவர் போகுமிடமெல்லாம் கூப்பிடாமலே கூடப் போவான்.

சுமினா கொட்டித் தீர்த்தாள். காகிதம் பிரிக்கும் ஷெட்டில் இருபத்துமூன்று பெண்களுக்கு அவள் தலைவி. ஆற்றங்கரையில் உள்ள கெடுங்சாரியின் முந்நூறு வீடுகளும் நான்கு வருடமாகக் காகிதத்தைத் தனியே எடுத்துக் கொடுக்கின்றன. ஷெட்டில் அதைப் பிரித்து மூட்டை கட்டி, வியாழன்தோறும் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். இந்த இரண்டு மாதத்தில் ஐந்து முறை ஆலை லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டது.

"மூட்டைக்குள்ள டயப்பர், மீன் குடல், ஊசிப்போன சோறு. இன்னிக்குக் காலையிலயும் அதேதான். ஒரு மூட்டை நாறினாலும் மொத்த லாரியையும் வேண்டாம்கறாங்க. கெடுங்சாரிக்காரங்க பன்னிங்க, அவங்களுக்குப் பிரிச்சுப் போடத் தெரியாதுன்னு ஊரே பேசுது. பள்ளிக்கூடத்துல எங்க பிள்ளைங்களப் பார்த்து மூக்கைப் பிடிச்சுக்கறாங்க. நாளைக்கு நகரக் குப்பைத் துறை டைரக்டர் கையெழுத்துப் போட்டார்னா ஷெட்டுக்குப் பூட்டு."

ரெத்னானிங்சி ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு வாசலில் குந்தினார். பையைக் கிளறினார். தர்சோனோ சட்டையால் மூக்கை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தான். அவர் குச்சி நுனியில் எதையோ ஒதுக்கினார். கருஞ்சிவப்பாக, அரிசி அளவில், கெட்டியாக ஏழெட்டு மணிகள். அவற்றின் மேல் சாம்பல் நிறத் தூள்.

"வீடுகள்ல சாப்பாட்டுக் குப்பை எப்ப எடுக்கறாங்க?"

"தினமும் இபு. அதுக்கு வேற வண்டி. காகிதத்த மட்டும் புதன் காலையில எடுப்போம். சாயங்காலத்துக்குள்ள கட்டி லாரியில ஏத்திடுவோம். ராத்திரி லாரி அதோட சொந்தக்காரர் பாக் குனாடியோட முற்றத்துல நிக்கும். காலையில ஆலை."

"கட்டும்போது தப்பிப் போயிருக்குமோ?"

சுமினாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒவ்வொரு தாளையும் கையால தொட்டுத்தான் போடறோம். பீயைத் தொட்டா தெரியாதா?"

"எனக்கு அது போதும். டைரக்டரை ஷெட்டுக்கு வரச் சொல்லு. லாரிக்காரரையும் ஷெட்டுக் காவல்காரனையும் சேர்த்து."

ஷெட்டில் ஆலையிலிருந்து திரும்பி வந்த நாற்பத்திரண்டு மூட்டைகள் இறக்கி அடுக்கப்பட்டிருந்தன. ஆலைக்காரர்கள் அவிழ்த்த நான்கு மட்டும் வாய் பிளந்து கிடந்தன. ஈக்கள் மொய்த்தன. டைரக்டர் பாக் ஹெர்மந்தோ கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவேயில்லை.

"இபு, ஷெட்ட மூட எனக்கு மட்டும் ஆசையா? டீசல் ஏறிப்போச்சு, பழைய காகிதத்தோட விலை பாதியாயிடுச்சு. போதாக்குறைக்குத் திரும்பி வர்ற லாரிய மலைமேட்டுக் குப்பைமேட்டுக்கு அனுப்ப இன்னொரு வாடகை. ஜனங்க இப்படி அசிங்கம் பண்ணா நான் எத்தன நாள் தாங்கறது?"

தர்சோனோ ரெத்னானிங்சியின் காதில் கிசுகிசுத்தான். "காவல்காரன் பாய்டிதான் இபு. சுமினாவுக்கும் அவனுக்கும் ஆகாது. அவன் ஆடுங்க தினமும் குப்பைமேட்டுலதான் மேயுது."

"நல்லாப் பார்த்திருக்க. பொறு."

அவர் எல்லோரையும் பார்த்துப் பொதுவாகக் கேட்டார். "இப்ப என்ன செய்யலாம்னு நினைக்கறீங்க?"

பாய்டி தலையைச் சொறிந்தான். "எனக்கென்ன தெரியும். நாறுது, எடுத்துட்டுப் போங்க."

லாரிக்காரர் பாக் குனாடி பெருமூச்சு விட்டார். "நேரத்த வீணாக்காதீங்க இபு. அந்த ஜனங்க திருந்தமாட்டாங்க. இந்தத் தடவ ஆறு மூட்டைல அசிங்கம். குப்பைமேட்டுக்கு ஓட்டிட்டுப் போயிடறேன்."

ரெத்னானிங்சி சுமினாவிடம் திரும்பி, மீதி முப்பத்தெட்டையும் அவிழ்க்கச் சொன்னார். பெண்கள் ஒவ்வொன்றாகக் கொட்டினார்கள். நோட்டுத் தாள், அட்டை, செய்தித்தாள், எல்லாம் உலர்ந்த சுத்தம். பதினேழாவது மூட்டையில் ஒரு பெண் கையை உதறிக்கொண்டு பின்னே பாய்ந்தாள். முப்பத்தொன்றாவதிலும் அதே. கடைசி மூட்டை வரை பார்த்தார்கள். வேறெதிலும் இல்லை.

"நாலும் ரெண்டும் ஆறு" என்றார் ரெத்னானிங்சி. "ஆலையில நாலைத்தான் பிரிச்சாங்க. மீதி ரெண்டு கட்டினபடியே இருந்துது. ஆறுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும், பாக்?"

குனாடி ஓரடி பின்னால் நகர்ந்தார். "குத்துமதிப்பா சொன்னேன்."

"சரி, அதை விடுங்க. இதப் பாருங்க." அவர் ஒரு காகிதத்தில் அந்தக் கெட்டி மணிகளைக் கொட்டினார். "இது ஈயோட கூடு. முட்டை புழுவாகி, புழு இப்படிக் கூடு கட்டிக் கறுக்க ஆறேழு நாளாவது ஆகும். தினமும் குப்பை எடுக்கற வீட்டுல இது வளராது. அசிங்கம் வீட்டுலேர்ந்தே காகிதத்தோட வந்திருந்தா சுத்தியிருக்கற தாளெல்லாம் ஊறிப்போயிருக்கும். இங்க தொட்ட தாள்ல மட்டும்தான் புதுக் கறை. அப்ப, மூட்டை கட்டினதுக்கப்புறம் யாரோ அவிழ்த்துத் திணிச்சிருக்காங்க. இந்தச் சாம்பலப் பாருங்க. வருஷம் பூரா புகையற இடம் இந்த ஊர்ல ஒண்ணுதான்."

"குப்பைமேடு!" என்று தர்சோனோ கத்தினான்.

"அங்க போறவங்க இங்க ரெண்டு பேர். பாய்டி ஆட்டோட போறான். ஆனா மூட்டை ஏத்தினப்புறம் லாரி அவன் கையில இல்ல. ராத்திரி பூரா அது உங்க முற்றத்துல, பாக். ஒவ்வொரு தடவ ஆலை திருப்பும்போதும் உங்களுக்கு ரெண்டாவது வாடகை. போகும்போது நல்ல காகிதத்தக் கொட்டறீங்க, வரும்போது அடுத்த தடவைக்கு வேண்டிய அசிங்கத்த அள்ளிட்டு வர்றீங்க."

குனாடி வெடித்தார். "மூணு வருஷமா அதே வாடகை! டீசல் என்ன விலை விக்குது, டயர் என்ன விலை? ஏத்திக் குடுங்கன்னு எத்தன மனு போட்டேன்? இவர் ஒண்ணையாவது படிச்சாரா?"

டைரக்டர் தரையைப் பார்த்தார். அது பொய்யில்லை என்று எல்லோருக்கும் புரிந்தது.

"அதுக்கு அவர் மேசையில கொண்டுபோய்க் கொட்டியிருக்கணும்" என்றாள் சுமினா. "எங்க பிள்ளைங்க பேர்ல ஏன்யா கொட்டின?"

ஹெர்மந்தோ கைக்குட்டையை மடித்தார். குனாடியின் ஒப்பந்தம் ரத்து என்றார். ஷெட் மூடப்படாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா இது வெளிய போக வேண்டாம் இபு. நகரத்துக்குக் கெட்ட பேர்."

ரெத்னானிங்சி நாறிய மூட்டைகளைக் கைகாட்டினார்.

"ஜனங்களப் பன்னிங்கன்னு ஊர் பூரா பேச விட்டீங்க. அப்ப வெளிய போகலையா? சாயங்காலம் கெடுங்சாரிக்குப் போங்க. வீடு வீடா ஏறிச் சொல்லுங்க. இல்லேன்னா இந்த ஆறு மூட்டையையும் உங்க ஆஃபீஸ் வாசல்ல வச்சு நானே சொல்றேன்."

சாயங்காலம் ஹெர்மந்தோ கெடுங்சாரிக்குப் போனார். பின்னாலேயே தர்சோனோவும் போய் எண்ணிக்கொண்டு வந்தான். முந்நூறு வீட்டில் ஐம்பத்தோரு வீட்டில்தான் டைரக்டரை முழுதாகப் பேச விட்டார்களாம். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்தபடியே கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.