வராத சத்தம்

ஃபோன் அலறியது.

மலையாண்டி கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தான். காலை பத்தேகால். பழங்காநத்தத்தில் அவனுடைய ஒர்க்‌ஷாப் அப்போதுதான் திறந்திருந்தது.

"மலையாண்டிதானே? சமயநல்லூர் ஸ்டேஷன்ல இருந்து இன்ஸ்பெக்டர் தமிழ்வாணி பேசுறேன். அழகுபாண்டி உங்களுக்கு யாரு?"

"தங்கச்சி மாப்ள, மேடம். என்னாச்சு?"

"கார் ரயில்வே சப்வேயில தேங்கின மழைத் தண்ணிக்குள்ள போயிருச்சு. அவரோட அம்மா முத்துத்தாய் இறந்துட்டாங்க."

மலையாண்டி ஒர்க்‌ஷாப் ஷட்டரை இறக்கப் போனான்.

"என் தங்கச்சி... பாண்டீஸ்வரி..?"

"உயிரோட இருக்காங்க. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. நீங்க ஒடனே ஸ்டேஷனுக்கு வாங்க."

"அவளப் பாத்துட்டு வாரேன் மேடம்."

"மொதல்ல இங்க." குரல் இறுகியது. "முந்தாநாள் அந்த வண்டிக்கு பிரேக் வேலை பாத்தது நீங்கதானாமே?"

ஸ்டேஷன் வாசலில் அந்தப் பழைய வெள்ளைக் கார் சேறு வழிய நின்றது. டிராக்டர் வைத்து இழுத்து வந்திருந்தார்கள்.

பெஞ்சில் அழகுபாண்டி. ஈர வேட்டி. சிவந்த கண்கள்.

"மாப்ள..."

"பக்கத்துல வராதீங்க மச்சான். எங்காத்தாவ கொன்னுட்டீங்களே."

"நானா?"

"பிரேக் பிடிக்கல. மிதிச்சேன்... மிதிச்சேன்... தண்ணிக்குள்ள போயிருச்சு. டமார்னு ஒரு சத்தம். என்ஜின் நின்னுருச்சு. பாண்டீஸ்வரிய மட்டும்தான் இழுத்துப் போட முடிஞ்சுச்சு. ஆத்தா பின் சீட்டுல..." முகத்தை மூடிக்கொண்டான்.

முத்துத்தாய்க்கு முழங்கால் வலி. ஏறி இறங்கச் சிரமப்படுகிறாளே என்று முந்தாநாள்தான் மலையாண்டி பின் கதவுக்கு மேலே ஒரு கைப்பிடி மாட்டிக் கொடுத்திருந்தான். 'நீதான்டா எனக்கு மூத்த மகன்' என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"அலட்சியத்தால மரணம். அதுதான் கேஸ்," என்றாள் தமிழ்வாணி.

மலையாண்டி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பிறகு திரும்பினான்.

"தண்ணியில எறங்கும்போது என்ஜின் ஓடிக்கிட்டு இருந்துச்சா மாப்ள?"

"ஓடாம? தேர்ட் கியர்ல போனேன்."

"மேடம், வண்டிய நான் பாக்கணும்."

"உங்க மேலதான் புகாரு. நீங்களே பாக்குறதா? மதியம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வருவாரு."

"வீடியோ எடுங்க. நான் தொட்ட எல்லாத்தையும் அவரு மறுபடி பாக்கட்டும். தண்ணி நிக்க நிக்க உள்ள துரு ஏறும் மேடம். அப்புறம் எது எதனால வந்துச்சுன்னே தெரியாது."

தமிழ்வாணி யோசித்தாள். கான்ஸ்டபிளிடம் தன் ஃபோனை நீட்டினாள். "ஒண்ணு விடாம எடு."

மலையாண்டி உடனே சாவியைத் தொடவில்லை. நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினான். வேறு பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்கு நேராக ஒயர் கொடுத்து என்ஜினைச் சுற்றவிட்டான். பிளக் ஓட்டைகள் வழியே தண்ணீர் சீறி அடித்து... நின்றது. ஆயிலை மாற்றினான். பிளக்குகளைத் துடைத்து மாட்டினான்.

அதன் பிறகுதான் சாவி.

மூன்றாவது முயற்சியில் என்ஜின் உறுமியது.

கீ...ச்.

அழகுபாண்டி துள்ளி எழுந்தான். "கேட்டீங்களா மேடம், பிரேக் கத்துறத?"

"அது ஃபேன் பெல்ட். நனைஞ்சிருக்கு. காஞ்சா போயிரும்."

அரை நிமிடத்தில் போய்விட்டது.

வண்டியை மெல்ல நகர்த்தினான். முன் சக்கரத்தில் கரகரவென்று அரைத்தது.

"இது என்ன?"

"பிரேக் தட்டுல மணல் மேடம்." சொல்லிக்கொண்டே மிதித்தான். கார் அங்கேயே நின்றது. மறுபடி ஓட்டினான். மறுபடி மிதித்தான். நின்றது.

"பிரேக் பிடிக்குதே?"

"ஈரத்துல அப்பப் பிடிக்காம இருந்திருக்கும்," என்றான் அழகுபாண்டி அவசரமாக.

"தண்ணிக்குள்ள போறதுக்கு முன்னாடியே பிடிக்கலன்னு சொன்னீங்களே மாப்ள..."

அழகுபாண்டி ஈர வேட்டியைப் பிழியக் குனிந்தான்.

மலையாண்டி பானெட்டுக்குள் தலையை நீட்டிக் காதைக் கொடுத்தான். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

"ஒரு சத்தம் வரணும் மேடம். வரல."

"எந்தச் சத்தம்?"

"டக் டக்னு அடிக்கிற சத்தம். ஓடுற என்ஜின் தண்ணிய உறிஞ்சினா பிஸ்டனால அத நசுக்க முடியாது. பிஸ்டனத் தாங்குற கனெக்டிங் ராடு வளைஞ்சிரும். தேர்ட் கியர்ல போய் டமார்னு நின்ன என்ஜினு, மறுபடி ஸ்டார்ட் ஆனாலும் தட்டிக்கிட்டே இருக்கும். இது தையல் மெஷின் மாதிரி ஓடுது."

"அப்படின்னா?"

"தண்ணியில எறங்கினப்ப இந்த என்ஜின் ஓடவே இல்ல."

"ஓடாத வண்டி எப்படிப் போகும்?"

"மேட்டுல நிப்பாட்டி, நியூட்ரல்ல விட்டா தானா உருளும்."

"எதுக்கு ஆஃப் பண்ணணும்?"

மலையாண்டி பின் கண்ணாடியைக் காட்டினான். "சாவி ஆஃப்ல இருந்தா... கண்ணாடி எறங்காது மேடம்."

பின் கதவைத் திறந்தான். அதன் விளிம்பில் பூட்டிய நிலையில் இருந்த குட்டி லீவரைக் காட்டினான். "சைல்டு லாக். போட்டுட்டா உள்ள இருந்து கதவு தொறக்காது. கொழந்தை இல்லாத வீட்டுல இத எதுக்குப் போடணும்?"

அழகுபாண்டி மெல்லப் பின்வாங்கினான். முதுகில் கான்ஸ்டபிளின் கை பதிந்தது.

"நாலுவழிச் சாலை ஓரத்து நிலத்த விக்க விடமாட்டேன்னு ஆத்தா ஒரே பிடிவாதம் மேடம்..." என்றான் தலையைக் குனிந்தபடி.

மலையாண்டி அவனை அடிக்கவில்லை. ஊரே வேண்டாமென்றபோது தான் ஒருவன் மட்டும் நம்பிப் பெண் கொடுத்த அந்த முகத்தைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

"என் தங்கச்சியையும் சேத்துக் கொல்லப் பாத்திருக்கான் மேடம். அவகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கிறேன்."

"சொல்லுங்க. நானும் வாரேன். அவங்ககிட்ட வாக்குமூலம் வாங்கணும்."

ஆஸ்பத்திரி வார்டில் பச்சைத் திரைக்குப் பின்னால் படுத்திருந்தாள் பாண்டீஸ்வரி. கையில் டிரிப். தமிழ்வாணி திரைக்கு வெளியே நின்றுகொண்டாள்.

"பாண்டீசு... மனசத் தேத்திக்கம்மா. மாப்ளைய போலீஸ் பிடிச்சிருச்சு."

அவள் அழவில்லை. கூரையைப் பார்த்தாள்.

"என்ஜின் ஓடாமத்தான் எறங்குச்சுன்னு எப்படிண்ணே கண்டுபிடிச்ச?"

மலையாண்டி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

என்ஜினைப் பற்றி அவன் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நீ... வண்டிக்குள்ள இல்லையா?"

"மேட்டுலயே எறங்கிட்டேன்."

"சைல்டு லாக்கு?"

"நான்தான் போட்டேன். அவருக்கு அது எங்க இருக்குன்னே தெரியாது."

"பிரேக் பிடிக்கலன்னு அவன்..."

"அதுவும் நான்தான் சொல்லச் சொன்னேன்." சோறு போடவா என்று கேட்பதுபோல் இருந்தது அவள் குரல். "கோவப்படாதண்ணே. உன் மேல அலட்சியம்னுதான் கேஸ் வரும். கொஞ்ச நாள்ல வெளிய வந்துருவ. எங்களுக்குன்னா ஆயுசு பூரா உள்ள. உன்னைய நெனச்சுத்தான் சின்னக் கேஸாப் பாத்தேன்."

அப்பா இறந்த பிறகு, ஏழு வயதுப் பெண்ணை சைக்கிள் பாரில் உட்காரவைத்துத் தினமும் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன் மலையாண்டி. அவள் கல்யாணம் முடியும்வரை தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவன்.

"முந்தாநாள் பிரேக் பாக்கச் சொல்லி ஃபோன் பண்ணியே... அதுவும் இதுக்குத்தானா?"

பாண்டீஸ்வரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மலையாண்டி எழுந்து திரையை ஒதுக்கினான். எல்லாவற்றையும் கேட்டிருந்த தமிழ்வாணி உள்ளே வந்தாள்.

பாண்டீஸ்வரி விருட்டென்று கண்களை மூடிக்கொண்டாள். "எனக்கு மயக்கமா வருது மேடம்... எந்திரிக்க முடியல..."

"வரட்டும்மா. டாக்டர் விட்டதும் ஸ்டேஷனுக்கு ஜீப்ல படுத்துக்கிட்டே போவோம்," என்றாள் தமிழ்வாணி. "நம்ம ரோட்டுப் பள்ளத்துக்கு ரெண்டு கிலோமீட்டர்ல எப்பேர்ப்பட்ட மயக்கமும் தெளிஞ்சிரும்."