குழிக்கு வைக்கும் விளக்கு

சரவணமுத்து காலை அழுத்துவதற்கு ஒரு நூலிழை முன்னாலேயே தறியின் இடது மிதி இறங்கிவிட்டது.

அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கயிறு தளர்ந்திருக்கும் என்று நினைத்தான். குழித்தறியில் இருபத்தைந்து வருஷம் உட்கார்ந்தவன் அவன். குழிக்குள் தொங்கும் கால்கள் என்ன செய்கின்றன என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இடது மிதியை அழுத்தினால் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் ஒரு பக்கம் திறக்கும், குறுக்கு நூலோடு நாடா ஓடும். வலது மிதியை அழுத்தினால் மறுபக்கம் திறக்கும், நாடா திரும்பி வரும். அது பாட்டுக்கு நடக்கிற காரியம். அன்றைக்கு மட்டும், இன்னொரு படி இருக்கிறது என்று நம்பி வைத்த கால் தரையில் தடுக்கினால் உடம்பு திடுக்கிடுமே, அப்படித் திடுக்கிட்டது. கையூன்றிக் குழிக்குள் குனிந்து பார்த்தான். கயிறும் தெரியவில்லை, மிதியும் தெரியவில்லை. ஊறிய மண்ணும் பாவுக்குப் போடும் பழைய கஞ்சியும் கலந்த வாசனை மட்டும் மேலே வந்தது.

தலைக்கு மேலே பட்டப்பகல் மாதிரி வெளிச்சம், காலடியில் இப்படி ஓர் இருட்டு. அவனுக்கே சிரிப்பு வந்தது.

குமாரபாளையத்தில் அவன் தெருவுக்கு மின்சாரம் வந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. மேட்டூர் அணைத் தண்ணீரைச் சக்கரத்தில் விழவைத்து, அதிலிருந்து எடுத்த கரண்டைக் கம்பியில் ஏற்றி, காடுமேடெல்லாம் தாண்டிக் கொண்டுவந்து இவன் தறிக்கு மேலே ஒரு கண்ணாடிக் குமிழுக்குள் விட்டிருந்தார்கள். அந்தத் தெருவில் முதல் விளக்கு அவனுடையதுதான்; தெருவே வந்து வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போனது. இதற்குச் சனிக்கிழமையில் எண்ணெய் ஊற்ற வேண்டுமா என்று கேட்டவர்களும் உண்டு. அறுந்த இழை பொழுது சாய்ந்த பிறகும் பளிச்சென்று தெரிந்தது. கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை, புகை இல்லை, துணியில் கரி இல்லை.

ஆனால் அவன் விளக்குப் போட்டது துணிக்காக அல்ல, மகளுக்காக. போன ஆடியில் காய்ச்சல் கண்டு மனைவி கமலவேணி போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு எட்டு வயசுச் சாரதாமணி அந்த வீட்டில் பொழுது இறங்கினாலே அழுதாள். ஆடுகிற ஒவ்வொரு நிழலுக்கும் வீறிட்டாள். கடைசியில் மைத்துனன் சின்னண்ணன் வந்து அவளை ராசிபுரத்துக்குக் கூட்டிப் போனான். வண்டியில் ஏறும்போது அவள் சொன்னது ஒன்றுதான்: "வெளிச்சம் வந்தா நானும் வாரேனுங்கப்பா."

பத்து மாதம் அவன் ஒற்றை ஆளுக்குக் களி கிண்டித் தின்றான். கூப்பிட ஆளில்லாத வீட்டில் மனிதன் சட்டிபானையோடு பேச ஆரம்பித்துவிடுவான். இவனும் பேசினான். தனிமை அவனை உள்ளே அரித்துத் தின்றது, அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

குழியின் பக்கச் சுவரில் ஒரு சின்ன மாடம் இருந்தது. பொழுது சாய்ந்ததும் அதில் ஓர் அகல் ஏற்றி வைத்த பிறகுதான் அந்த வீட்டில் யாரும் குழிக்குள் காலை இறக்குவார்கள். அவன் அப்பன் காலத்துக்கு முன்னாலிருந்தே அப்படித்தான். வேறு எந்த வீட்டுத் தறியிலும் அவன் அதைப் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் கமலவேணியிடம் கேலி பேசியிருக்கிறான்.

"ஏம்புள்ள, எங்காலுக்குக் கண்ணா இருக்குது, வெளக்கு வெக்கறதுக்கு?"

அவள் திரியைத் தூண்டிக்கொண்டே சொன்னாள்: "வெளக்கு உங்களுக்குன்னு ஆருங்க சொன்னா?"

பிறகு யாருக்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்கும் தெரிந்திருக்காது. மாமியார் செய்தாள், அவளும் செய்தாள்.

கம்பி இழுக்க வந்த கந்தவேல்தான் அந்த மாடத்தைப் பார்த்துச் சிரித்தான். "இனி எதுக்குங்க மாமா எண்ணெ வெளக்கு? காத்தடிச்சா அணையாது, துணியில பொட்டுக் கறை படாது. இழ எந்தப் பக்கம் அறுந்தாலும் வெளக்க நகத்திக்கோங்க." சொன்னபடியே இரண்டு முழம் கம்பியை மிச்சம் விட்டு, உத்தரத்தில் சுருட்டிக் கட்டிவிட்டுப் போனான். சரவணமுத்துவுக்கும் அது சரியென்றே பட்டது. எண்ணெய்ப் பிசுக்கும் கரப்பானும் இனி எதற்கு என்று, அகலை எடுக்கக்கூடச் சோம்பல்பட்டு, அதை உள்ளே வைத்தே மாடத்தைக் களிமண்ணால் பூசி மெழுகிவிட்டான்.

அகல் குழிக்குள்ளிருந்து எரிந்தது. குமிழோ மேலிருந்து எரிந்தது. அவன் நெய்த துணியே கூரையாகி நின்று, குழிக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் விழாமல் மறைத்தது.

மறுநாள் சாயங்காலம் வலது மிதியும் முந்திக்கொண்டது. அதற்கு மறுநாள், கால் பட்டும் படாமலும் இருக்கும்போதே இரண்டும் மாறி மாறி இறங்கின. அவன் கைதான் நாடாவைத் துரத்திக்கொண்டு ஓடியது. விரல் நீளம் நெய்கிற நேரத்தில் ஒரு சாண் ஏறியது துணி. நாலாம் நாள் அவன் இரண்டு காலையும் மெல்லத் தூக்கி, முழங்காலை மடித்துக் குழி விளிம்பில் வைத்துக்கொண்டான்.

இடது மிதி இறங்கியது. நின்றது. நாடாவுக்காகக் காத்திருந்தது.

நாடாவை விட்டான். அது போய்ச் சேர்ந்ததும் வலது மிதி இறங்கியது.

வேறொருவனாக இருந்தால் தெருவுக்கு ஓடியிருப்பான். சரவணமுத்து ஓடவில்லை. "கமலா?" என்றான்.

தறி அசையாமல் நின்றது, காது கொடுத்துக் கேட்பதுபோல. பிறகு இடது மிதி ஒரே ஒரு முறை, மெதுவாக, இறங்கி ஏறியது.

அவன் பாவின் மேல் கவிழ்ந்து அழுதான். பேய்க்குக் கால் கிடையாது என்று ஊரில் சொல்வார்கள். இங்கேயோ காலைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆகவே இது பேயில்லை என்று அவனே தனக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டான். தெருவில் கேட்ட வண்டிச் சத்தம், சந்தையில் கோழி போன விலை, சாரதாமணிக்கு விழுந்த பல் என்று எல்லாவற்றையும் குழியிடம் சொன்னான். பத்து மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவன் பேச்சுக்கு ஒரு பதில் இருந்தது. மாடத்தின் நினைவு வராமல் இல்லை. பூசின மண்ணில் ஒருமுறை நகத்தைக்கூட வைத்தான். விளக்கு வைத்தால் அவள் போய்விடுவாளோ என்று பயந்து கையை எடுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வெளிச்சம் வந்துவிட்டது என்று அவன் எழுதியதற்குச் சின்னண்ணனின் பதில் கடுதாசி வந்தது. சனிக்கிழமை காலையில் பிள்ளையைக் கூட்டி வருகிறேன் என்று எழுதியிருந்தான்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய, சரவணமுத்து விளக்கைப் போட்டுவிட்டுத் தறியில் உட்கார்ந்தான். அதுவரை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த செய்தியைக் குழியிடம் சொன்னான். "பாப்பா வாரா, கமலா. நாளைக்கு வாரா."

இரண்டு மிதியும் ஒன்றாக இறங்கின.

படீரென்று பாவில் இழைகள் அறுந்தன. மிதிகள் மேலே எழவில்லை. அடிவரை போய், அங்கேயே கிடந்தன. தறி தெரிந்த எவரும் இரண்டையும் சேர்த்து மிதிக்க மாட்டார்கள். இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் பன்னிரண்டு வருஷம் நாடாவுக்கு நூல் தார் சுற்றிக் கொடுத்தவளுக்கு அது தெரியாதா?

தெரியும். அவளுக்குத் தெரியும்.

அவன் வலது காலை இறக்கினான். அவளுடைய காலைத் தேடினான். கமலவேணியின் பாதம் சின்னது, அவன் உள்ளங்காலுக்குள் அடங்கிவிடும். குதிகாலில் வெடிப்பு இருக்கும். உள்ளங்காலால் மிதியின் மேல் தடவினான். வெறும் பலகை. பலகையின் ஓரத்தில்தான் அது பட்டது. ஈரமாக இருந்தது. சில்லென்று இருந்தது. கீழேயிருந்து வளைந்து வந்து பலகையைப் பற்றியிருந்தது. விரல்கள் நீளமாக இருந்தன. கால்விரல் இவ்வளவு நீளமா? தொட்டுக்கொண்டே போனான். இன்னும் போயிற்று. பிறகு அது பலகையை விட்டுவிட்டு அவன் கணுக்காலைச் சுற்றி மெல்ல மூடியது.

உதறினான். பின்பக்கமாக உருண்டு குழியை விட்டு வெளியே வந்து விழுந்தான். கணுக்காலில் சுற்றிலும் ஈர மண் அப்பியிருந்தது.

அரிவாளால் மாடத்து மண்ணைக் கொத்தினான், குழிக்குள் கையை ஆழமாக விடாமல், மேலிருந்தபடியே. அகல் வந்தது. திரி வந்தது. இரண்டும் காய்ந்து கிடந்தன. எண்ணெய்க் கலயத்தைக் கவிழ்த்தான், ஒரு சொட்டு விழவில்லை. கரண்டு வந்த வீட்டில் எண்ணெய் எதற்கு என்று அவன்தான் வாங்காமல் விட்டிருந்தான். மேலே எரிந்த கரண்டு விளக்கை அணைக்க மனசு வரவில்லை. கதவை வெறுமனே சாத்திவிட்டு, தெருக்கோடியிலிருந்த செக்குக்கு ஓடினான்.

செக்குக்காரக் குப்பாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கரண்டு மகராசனுக்கு எண்ணெ எதுக்குங்க?"

"குடுங்க. சீக்கிரம் குடுங்க."

அவள் நிதானமாக அளந்தாள். "அதுக்கேனுங்க இத்தன அவசரம்? ஓ, புள்ள வந்திருக்குதல்லோ? பலகாரத்துக்கா? உங்க மச்சான் பின்சந்து வழியா இப்பத்தான் கூட்டீட்டுப் போனாருங்க. நாளைக்கு வண்டி இல்லீன்னு இன்னைக்கே..."

மீதி அவன் காதில் விழவில்லை.

ஓடினான். கலயம் சாய்ந்து எண்ணெய் முழங்கையில் வழிந்தது. தெருவில் மற்ற வீடுகளெல்லாம் மங்கலாகக் கிடந்தன. அவன் வீட்டு ஜன்னல் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. அங்கிருந்து தறிச் சத்தம் வந்தது.

டக். டக். டக்.

சீரான சத்தம். வாசலில் சின்னண்ணனின் செருப்பு. புறக்கடையில் கிணற்று ராட்டினம் கிரீச்சிட்டது, கால் கழுவுகிறான் போலும். சரவணமுத்து கதவைத் தள்ளினான்.

சாரதாமணி தறியில் உட்கார்ந்திருந்தாள். குழிக்குள் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, புதுப்பாவாடையோடு, தலையில் கனகாம்பரத்தோடு. முகமெல்லாம் வெளிச்சம்.

"அப்பா! பகலாட்ட இருக்குதுங்கப்பா! எனக்குப் பயமே இல்லீங்க. இங்க பாருங்க, நானே நெய்யறேன்!"

டக். டக்.

"சாமி," என்று மகளை அழைத்தான். "கால் எட்டுதா சாமி?"

"எட்டலீங்க. அது தன்னால எறங்குது."

கலயம் கையிலிருந்து விழுந்து உடைந்தது. பாய்ந்து போய் அவளை அக்குளில் பிடித்துத் தூக்கினான். அரையடி வந்தாள். அதற்கு மேல் வரவில்லை. குழிக்குள் அவள் கொலுசு ஒருமுறை குலுங்கியது. அப்புறம் சத்தமே இல்லை.

சாரதாமணி சிரித்தாள். "கூச்சமா இருக்குதுங்கப்பா. காலை உடச் சொல்லுங்க."

எண்ணெய் தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கையால் அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறு கையால் உத்தரத்துக் கம்பியைப் பிடித்து இழுத்தான். சுருள் அவிழ்ந்தது. குமிழைத் துணிக்குக் கீழே கொண்டுபோனான். குழி அடிவரைக்கும் வெளிச்சமாயிற்று.

கால்கள் இல்லை.

கைகள்.

பிளவுபடாத, மெழுகின குழித்தரை மண்ணிலிருந்து முழங்கையளவு எழும்பி நின்றன. கஞ்சித் தொட்டியில் நாள்கணக்காய் ஊறினதுபோல் வெளுத்து, சுருங்கி. வெளிச்சம் பட்டும் அவை ஒளியவில்லை. வலது கை அவளுடைய ஒரு கணுக்காலைக் கொலுசோடு சேர்த்து மூடியிருந்தது. இடது கை மிதிப்பலகையைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தது.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த இடது கை விரல் விரலாகப் பலகையை விட்டது. மிதி மேலே எழுந்தது. கை திரும்பி, உள்ளங்கையை விரித்தது.

அதற்கு ஒரு சாண் மேலே சாரதாமணியின் இன்னொரு கால் ஆடிக்கொண்டிருந்தது.