உள்ளே வர முடியாதவன்

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகருக்கு வெளியே இருந்த ஒரு தனியார் கண்காட்சிக்கூடத்துக்கு அந்தக் கலம் லாரியில் வந்து இறங்கியது. மனிதர்கள் விண்வெளியில் முதன்முதலாகக் கலத்தைவிட்டு வெளியேறப் பழகிய காலத்துப் பயிற்சிக் கலம். ஓர் இரும்பு உருண்டை. அதன் கதவோடு ஒட்டியபடி, காற்றடைத்தால் நிமிரும் ரப்பர் துணிக் குழாய். வெளியே போனவன் அந்தக் குழாய் வழியாகத்தான் திரும்பவேண்டும்.

பழுதுபார்க்கும் வேலை பிரபாலினிக்கும் அவள் கணவன் பிருந்தனுக்கும்.

கையெழுத்து வாங்கும்போது கிழட்டு ஓட்டுநர் ஒரு கதை சொன்னார். பயிற்சியில் ஒருவனுடைய உடை ஊதிப் பெருத்துவிட்டதாம். அவனால் கதவுக்குள் நுழைய முடியவில்லை. உள்ளே இருந்த தோழன் தன் உயிருக்குப் பயந்து கதவைப் பூட்டிவிட்டானாம். வெளியே நின்றவன் மூச்சுமுட்டிச் செத்தானாம்.

"சும்மா கதை அவிட்டுவிடுறார்," என்று பிருந்தன் தமிழில் சொல்லிச் சிரித்தான்.

மறுநாள் மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பம்ப் இரைய, குழாய் நிமிர்ந்தது.

"நான் ஓட்டை இருக்கோ எண்டு பாத்துக்கொண்டு குழாயால வாறன்," என்றான் பிருந்தன். " நீர் உள்ளுக்கு, கதவடியில இரும்."

குழாயின் வெளிவாய் மூடும் சத்தம் கேட்டது. பிரபாலினி இருட்டில் குந்தியிருந்தாள். துரு வாசனை. அதற்கு மேலாக, பச்சை வியர்வை வாசனை.

அவளுடையதல்ல.

சுவரில் தொங்கிய பழைய ஒலிபெருக்கி கரகரத்தது.

"பிரபா, நான் வெளியில நிக்கிறன்." பிருந்தனின் குரல். "குழாயுக்குள்ள ஆர்?"

அவள் எட்டிப் பார்த்தாள். டார்ச் வெளிச்சத்தில் கண் கூசியது. அதன் பின்னால் வெள்ளையாக, பெருத்த ஒன்று ஊர்ந்து வந்தது.

"பூட்டும். கெதியாப் பூட்டும்!" என்று ஒலிபெருக்கிக் குரல் கத்தியது.

பூட்டினாள்.

பம்ப் நின்றது.

கதவில் தட்டும் சத்தம். "பிரபா, என்ன விளையாட்டு? திறவும்." பிறகு, "துணி அமத்துது. மூச்செடுக்க ஏலாமக் கிடக்கு."

"திறக்காதையும்," என்றது காதருகே அதே குரல். "அது நானில்லை."

அவள் இரண்டு கைகளாலும் பிடியை அழுத்திக்கொண்டாள். தட்டல் பிறாண்டலாயிற்று. பிறகு அதுவும் இல்லை.

"என்ர தோழனும் எனக்கு இப்பிடித்தான் பூட்டினவன்," என்றது குரல்.

சாப்பிட்டு வந்தவர்கள் துணியை வெட்டி பிருந்தனை எடுத்தார்கள். அவனது நகங்கள் பிய்ந்திருந்தன. பம்ப் பழுதானதால் நேர்ந்த விபத்து என்று போலீஸ் எழுதியது. ஒலிபெருக்கியைப் பற்றி அவள் சொன்னபோது, அறுந்து தொங்கிய அதன் வயரை ஓர் அதிகாரி காட்டினார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வந்த சனம் பின்னேரத்தோடு கலைந்தது. தங்கை தேனுஜா மட்டும் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

"பிரபா, திறவும். இன்னும் மூச்சு முட்டுது."

அவன் செத்துவிட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் இன்னொரு தரம் திறக்காமல் இருக்க அவளால் ஏலவில்லை. திறந்தாள். யாருமில்லை. படிக்கட்டைப் பார்க்க இரண்டடி வெளியே வைத்தாள்.

பின்னால் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது.

"தேனு! தேனு, திற!"

தங்கை ஓடிவரும் காலடி கேட்டது. பூட்டில் கைவைக்கும் சத்தமும் கேட்டது.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து, பிரபாலினியின் குரலிலேயே யாரோ மெல்லச் சொன்னார்கள்.

"தேனு, திறக்காதை. வெளியில நிக்கிறது நானில்லை."

உள்ளே கதவுச் சங்கிலி மாட்டப்பட்டது.