கதவில் தட்டும் உயரம்

கதவு தட்டப்பட்டதும் சாந்தகுமாரிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பெல் நன்றாக வேலை செய்கிறது, கரண்ட்டும் இருக்கிறது, பிறகு எதற்கு உள்ளங்கையால் பட்பட்டென்று தட்ட வேண்டும்? விளக்கேற்றுகிற நேரம் வேறு. தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே போய்த் திறந்தாள். யாரும் இல்லை. காக்ஸ் டவுனில் அன்றைக்கு ஒரு சொட்டு மழை கிடையாது, தெருவெல்லாம் புழுதி பறந்துகொண்டிருந்தது, ஆனால் அவள் வீட்டு வாசற்படி மட்டும் நனைந்திருந்தது. சேறும் அழுகிய சாமந்தியும் கலந்த ஆற்று வாடை மூக்கில் ஏறியது, அதற்கு அடியில் விறகு கருகிய நெடி. பெங்களூரில் ஏது ஆறு என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

விளக்கை ஏற்றி, குச்சியை அணைத்த பிறகுதான் உறைத்தது. பெல்லைத் தொடாமல் உள்ளங்கையால் தட்டுகிறவள் அந்த வீட்டுக்கு ஒருத்திதான் இருந்தாள்.

தாரணி. ஒரே மகள். தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் காலேஜுக்கு ஸ்கூட்டியில் கிளம்பியவளை லாரி அடித்துவிட்டது. புருஷனை முன்பே பறிகொடுத்து, டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து அந்தப் பெண்ணை வளர்த்தவள் சாந்தகுமாரி. தம்பி வந்து காரியங்களைப் பார்த்துக்கொண்டான், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அஸ்தியைக் கரைத்தான். அதில் ஒரு பிடியை மட்டும் அவனுக்குத் தெரியாமல் இவள் எடுத்துக் குங்குமச் சிமிழில் போட்டு, பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டாள். அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்று தெரியாதவள் இல்லை. பெற்ற வயிறு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சிமிழைக் காசிக்குக் கொண்டுபோனவள் மார்கிட். முன் அறையில் வாடகைக்கு இருந்த நார்வே தேசத்துப் பெண், ஊர் சுற்ற வந்தவள். தாரணி போன பிறகு வீட்டில் பேச்சுக்குரல் வேண்டும் என்றுதான் சாந்தகுமாரி அறையை வாடகைக்கு விட்டாள். மார்கிட்டுக்குத் தமிழ் என்றால் உயிர். காய்காரனிடம் பேரம் பேசுவதைக்கூடத் தமிழில்தான் செய்வேன் என்று நின்று, தினமும் ஏமாந்து, சிரித்துக்கொண்டே வருவாள். அவள் காசிக்குக் கிளம்புகிறேன் என்றபோது, சாந்தகுமாரி இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சிமிழை எடுத்துக் கொடுத்தாள். காசியில் கரைத்தால் மறுபிறவி இல்லை என்பார்கள். பிறந்தால்தானே லாரி அடிக்கும். என் பெண் எங்கேயும் வர வேண்டாம், எங்கேயும் போக வேண்டாம், ஒரு இடத்தில் நிம்மதியாக இருந்தால் போதும் என்று அழுதாள். மார்கிட்டும் கூடச் சேர்ந்து அழுதாள்.

மறுநாளும் அதே நேரத்துக்குத் தட்டல் கேட்டது. அதற்கு மறுநாளும் கேட்டது. பக்கத்து வீட்டு ஜூடித் டீச்சரிடம் கேட்டாள், உங்கள் வீட்டிலும் யாராவது வந்து தட்டுகிறார்களா என்று. ஜூடித்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வாசற்படியைப் பார்த்து, தண்ணீர் பஞ்சத்தில் தினமும் இப்படிக் கழுவிவிடுகிறீர்களே என்று கேட்டாள்.

மார்கிட்டின் போன் வந்தது அந்த வாரத்தில்தான். டில்லி ஏர்போர்ட்டிலிருந்து பேசினாள், இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊருக்கு விமானம் ஏறப்போகிறாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றாள்.

"அம்மா, தாரணியை மெதுவா தண்ணியில விட்டேன். நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"தாரணி, போயிட்டு வா." அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. "'போ'ன்னு சொல்லவே இல்லம்மா. ஞாபகம் வெச்சிருந்தேன்."

வந்த புதிதில் மார்கிட் 'போறேன்' என்று சொல்லிவிட்டு வெளியே கிளம்ப, வாசலிலேயே அவளை நிறுத்தித் திருத்தியவள் சாந்தகுமாரிதான். போறேன்னு சொல்லக் கூடாது, போயிட்டு வரேன்னு சொல்லணும், நாமும் போன்னு சொல்லக் கூடாது, போயிட்டு வான்னுதான் அனுப்பணும் என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொடுத்தாள். சாவு வீட்டில் மட்டும் அதைச் சொல்லக் கூடாது, அங்கே சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து வந்துவிட வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதையெல்லாம் யாராவது சொல்லிக்கொடுப்பார்களா? தமிழ் வீட்டில் பிறந்த பிள்ளைக்குத் தானாகத் தெரிந்திருக்கும். நார்வேயில் பிறந்தவளுக்கு எப்படித் தெரியும்?

போனை வைத்துவிட்டு அவள் செய்த முதல் காரியம் சந்தோஷப்பட்டதுதான். சொன்னால் நம்பமாட்டார்கள். வந்திருப்பது என் பெண்தான், என் பெண்தான் என்று வீடு முழுக்க நடந்தாள். அன்று சாயங்காலம் தாரணிக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்து, அப்பளம் பொரித்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திறந்திருந்த வரைக்கும் யாரும் வரவில்லை. கொசு மொய்க்கிறதே என்று சாத்தித் தாழ்ப்பாளைத் தொட்டதும், பட் பட்.

ஆனால் சத்தம் அவள் தோள் உயரத்தில் வரவில்லை. தாழ்ப்பாளுக்குக் கீழே, இடுப்பளவில் வந்தது.

திறந்தாள். ஆளில்லை. ஈரத்தில் கால் தடங்கள் இருந்தன. அவற்றைப் பார்த்தபோது அவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. பெருக்குமாற்றை எடுத்து வந்தவள், அதைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தாள். விரல்கள் இல்லை. குதிகால் இருந்தது, உள்ளங்காலில் பாதி இருந்தது, அதற்கு மேல் சாம்பல் கலந்த ஈரம் மட்டும் இழுபட்டிருந்தது.

மறுநாள் குதிகாலும் இல்லை. கம்பை ஊன்றியதுபோல இரண்டு வட்டங்கள். தட்டல் இன்னும் கீழே.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம். போயிட்டு வா என்றால் போகவும் வேண்டும், வரவும் வேண்டும். ஒரு தடவை வந்து நின்றுவிட முடியாது. ரயிலே இரண்டு ராத்திரி ஓடுகிற தூரம் அது. அந்தத் தூரத்தை அவள் பெண் தினமும் நடந்துபோய்விட்டு, தினமும் நடந்து வருகிறாள். தேய்ந்துகொண்டே வருகிறாள்.

ஜூடித்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. ஜூடித் நம்பினாளோ இல்லையோ, படியில் காயாமல் கிடந்த அந்த வட்டங்களைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். சாந்தகுமாரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாவம்க்கா அந்தப் பொண்ணு. நீங்களே போன்னு சொல்லிடுங்க."

"எப்படி சொல்லுவேன் ஜூடித்? ஒரு நாளும் சொன்னதில்லையே. ஸ்கூலுக்கு அனுப்பும்போதுகூடச் சொன்னதில்லை."

வீட்டை விட்டு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தாள். தம்பி வீட்டுக்குப் போய்விடலாம், பூட்டிய கதவைத் தட்டிவிட்டு அது போகட்டும் என்று பையில் இரண்டு புடவைகளை எடுத்து வைத்தாள். பிறகு, அவ்வளவு தூரம் வந்து பூட்டின கதவைப் பார்த்து நிற்பாளே என்று நினைத்ததும் புடவைகளைத் திரும்ப எடுத்து பீரோவில் வைத்துவிட்டாள்.

அன்றைக்குக் காலையிலிருந்தே மூட்டமாக இருந்தது. சாயங்காலம் தெருவிளக்கு எரிவதற்கு முன்பே வீட்டுக்குள் இருட்டிவிட்டது. விளக்கேற்றினாள், சுடர் நிமிரவே இல்லை, எண்ணெய்க்குள் தண்ணீர் இருப்பதுபோலப் படபடவென்று பொரிந்தது. ஆற்று வாடை கதவிடுக்கு வழியாக நுழைந்து கூடம் முழுக்கப் பரவி, அவள் புடவையில், தலைமயிரில், நாக்கில்கூட ஏறி உட்கார்ந்தது. தெருவில் எங்கோ இழுபடுகிற சத்தம் கேட்டது. நனைந்த சாக்கை இழுப்பது மாதிரி. நின்றது. மறுபடி இழுபட்டது. கேட் திறக்கவில்லை. கேட்டுக்கு அடியில் ஏதோ உரசியது.

படியில் ஏறியது.

முதல் படி. வெகுநேரம். இரண்டாவது படி.

தட்டல்.

தரையோடு தரையாகக் கேட்டது. உள்ளங்கைச் சத்தம் இல்லை. எலும்பு.

சாந்தகுமாரி கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். மரத்தின் அடியில், சத்தம் வருகிற இடத்தில் கையை வைத்தாள். ஒவ்வொரு தட்டலும் உள்ளங்கையில் ஏறியது. கைக்குழந்தையாக இருந்தபோது இவள் நெஞ்சில் முட்டி முட்டிப் பால் கேட்கும், அந்த வேகம்தான். வாயைத் திறந்தாள். வா என்று சொல்லிவிடுவோமோ என்று பயந்து வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். பிறகு முந்தானையை எடுத்தாள். சொல்லாவிட்டால் நாளைக்கும் நடப்பாள். நாளை மறுநாளும். கண்ணை மூடிக்கொண்டாள்.

"போ."

தட்டல் நின்றது.

ஒன்றுமில்லை. விளக்குப் பொரிகிற சத்தம்கூட இல்லை. முடிந்தது என்று நினைத்தாள். கொன்றுவிட்டேன் என்றும் நினைத்தாள்.

கதவுக்கு அந்தப் பக்கம், தொண்டை நிறையத் தண்ணீரோடு, ஒரு குரல் மெதுவாகப் பேசியது. கோபம் இல்லை. எதிர்ப்பேச்சு இல்லை. எப்போதும் சொன்னதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை.

"சரிம்மா. போயிட்டு வரேன்."

அலறிக்கொண்டு தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தாள். இந்த முறை வாசல் காலியாக இல்லை. படிக்குக் கீழே அது போய்க்கொண்டிருந்தது. சுடுகாட்டுக்கு அனுப்பும்போது இவள் கையால் உடுத்திவிட்ட பச்சைப் பட்டு, இடுப்புக்குக் கீழே உள்ளே ஒன்றுமில்லாமல், சாம்பல் தண்ணீரில் நனைந்து பின்னால் இழுபட்டது. முழங்கை வரைதான் கைகள் இருந்தன. அவற்றை ஊன்றி ஊன்றி கேட் வரை போய், காலேஜுக்குக் கிளம்பும்போதெல்லாம் தாரணி தெருமுனையில் நின்று ஒரு தடவை வீட்டைத் திரும்பிப் பார்ப்பாளே, அதே மாதிரி, அங்கே நின்று திரும்பிப் பார்த்தது. கதவில் முட்டி முட்டி, நெற்றியும் கண்களும் இருந்த இடம் வழவழவென்று தேய்ந்து போயிருந்தது. கீழே தாரணியின் வாய் மட்டும் அப்படியே இருந்தது. அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. பிறகு கேட்டுக்கு அடியில் நுழைந்து, வடக்கே பார்த்துத் திரும்பியது.