உயிரோடிருப்பவளுக்கு லீவு இல்லை

"இந்த நாத்தத்துல எப்படித்தான் இருக்கீங்களோ..." என்று சொல்லிக்கொண்டே யோகமணி ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

சொன்னவள் அயலாள் இல்லை. கட்டிலில் கிடந்த சிவனம்மாவின் ஒரே மகள். அம்மாவைப் பார்க்கக் கெலிஓயாவிலிருந்து முதல்நாள் பின்னேரம் வந்தவள், ஒரு பாண் துண்டையும் ஆறுதல் வார்த்தை நாலையும் கொடுத்துவிட்டுத் தூங்கி எழுந்து, இப்போது அரசாங்க அலுவலகத்துக்குப் போகச் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

மருமகள் கலாராணி மாமியாரை மெல்ல ஒருக்களித்துப் படுக்கவைத்து, நனைந்த துணியை உருவிக்கொண்டிருந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்த சிவனம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து, கம்பி வைத்து, வீட்டுக்கு அனுப்பிப் பத்து நாளாகிறது. இன்னும் ஆறு கிழமைக்கு ஆள் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அந்த ஆள் யார் என்று அவர் சொல்லவில்லை. மஹய்யாவையில் அந்த வீட்டில் அதை யாரும் சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

கலாராணி கார்மென்ட்ஸ் ஒன்றில் பதினைந்து வருடமாக வேலை செய்கிறாள். முப்பது மெஷின் கொண்ட ஒரு லைனுக்கு அவள்தான் லீடர். அந்த வருடத்துக்கு அவளுக்கென்று இருந்த லீவெல்லாம் இந்தப் பத்து நாளில் கரைந்துவிட்டது. இன்றைக்குப் போய் மேற்கொண்டு கேட்டாக வேண்டும்.

"அண்ணி, நீங்க ஒரு ரெண்டு கிழமை லீவு போட்டீங்கன்னா..." என்று தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தாள்.

"என் லீவுல யாரும் கைவைக்கப்படாது. மார்கழில திருச்செந்தூர் போறோம், டிக்கெட்டும் போட்டாச்சு. ஒனக்கென்ன, தைக்கிற வேலதானே. கேட்டா குடுத்துட்டுப் போறாங்க."

பெற்ற தாயைப் படுக்கையில் விட்டுவிட்டு முருகனிடம் புண்ணியம் கேட்கப் போகிறவளை என்ன சொல்வது? கலாராணி துணியை வாளிக்குள் போட்டாள். சிவனம்மாவும் மகளை ஒன்றும் சொல்லவில்லை. மருமகளின் கை இடுப்பில் பட்டபோதுதான் அவளுக்கு வாய் வந்தது.

"ஆத்தா இல்லாம வளந்தவளுக்கு ஆளத் தொடத் தெரியுமா... மாட்டக் கழுவுற மாதிரி கழுவுறா."

கலாராணியின் தாய் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிரசவத்தோடு போய்விட்டாள். கல்யாணமாகி வந்த பதினெட்டு வருடத்தில் சிவனம்மா அதைச் சொல்லிக் காட்டாத மாதம் கிடையாது. பெயர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. 'அவன் பொண்டாட்டி' என்றோ, 'ஏய்' என்றோதான். அவனென்றால் திலீபன், சிவனம்மாவின் செல்ல மகன். ஆட்டோ ஓட்டுகிறான். கோழிக்கறி வைத்தால் ஈரல் அவனுக்கு, இறைச்சி மற்றவர்களுக்கு, மிஞ்சிய ஆணக்குழம்பு கலாராணிக்கு.

அன்றைக்கு மட்டும் ஆட்டோவை நிறுத்திவிட்டுத் திலீபன் அம்மாவோடு இருக்க, அவள் வேலைக்குப் போனாள். மனிதவளப் பிரிவில் தில்ருக்ஷி மிஸ் நல்ல மனுஷி. ஓரளவு தமிழும் தெரியும். ஆனால் நல்ல மனம் ஒரு பக்கம், நிரப்பிக் கொடுக்கும் பாரம் ஒரு பக்கம். சுகமில்லாதவரைப் பராமரிக்கும் லீவுப் பாரத்தில் நாலே உறவு அச்சடித்திருந்தது. தாய், தந்தை, கணவன், பிள்ளை. மாமியார் அதில் இல்லை.

மரணத்துக்கான லீவுப் பாரத்தையும் மிஸ் எடுத்துக் காட்டினார். அதில் மாமியார் இருந்தாள். மூன்று நாள், சம்பளத்தோடு.

"செத்தா குடுக்கலாம், கலா. உசுரோட இருந்தா ரூல்ஸ்ல இடமில்ல. நான் என்ன செய்ய?" என்றார் மிஸ். சம்பளமில்லாத லீவுக்கு மேலிடத்துக்கு எழுதிப் பார்க்கலாம், பதில் வர ஒரு கிழமையாகும், அதுவரை ஒருநாளும் தவறாமல் வரவேண்டும் என்றும் சொன்னார். கலாராணி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். வந்தவள் இந்த விசித்திரமான ரூல்ஸைப் புருஷனிடம் சொல்லிச் சிரித்தாள். அழ நேரமில்லாதவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவளுக்கு வினையாக வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை விடியும்போது சிவனம்மாவுக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. முதுகில் புண் வெடித்திருந்தது. ஆறேகாலுக்குச் சந்தியில் வேலை பஸ் வந்துவிடும். இன்றைக்கும் வீட்டில் இரு என்று மனைவி சொன்னதும் திலீபனின் முகம் கோணியது. முதல்நாள் ஒருதரம் மூத்திரச் சட்டியை எடுத்ததற்கே மூன்று முறை கையைக் கழுவியவன் அவன். பெற்ற தாயை ஆம்பளை எப்படிக் கழுவுவது என்று அவனுக்கு ஒரு நியாயம். போனை எடுத்துக்கொண்டு வீட்டின் பக்கவாட்டில், துணி துவைக்கும் கல்லருகே போனான். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருந்தது.

"ஒன் ஆபீசுக்குப் பேசிட்டேன். மூணு நாள் லீவு தந்துட்டாங்க. நீ அம்மாவப் பாரு."

எப்படித் தந்தார்கள் என்று அவள் கேட்டிருக்கவேண்டும். காய்ச்சலில் முனகும் கிழவியை வைத்துக்கொண்டு அதையெல்லாம் யார் கேட்பார்கள்? கொடுத்தார்களே, அது போதும் என்று ஈரத்துணியை நனைக்கப் போனாள்.

சனிக்கிழமை கார்மென்ட்ஸில் அரைநாள் வேலை. மூன்று மணிபோல ஒழுங்கைக்குள் ஒரு வேன் வந்து நின்றது. வெள்ளை உடுத்த பத்துப் பன்னிரண்டு பெண்கள் சத்தமில்லாமல் இறங்கினார்கள். எல்லாரும் கலாராணியின் லைனில் வேலை செய்பவர்கள். வேலைத்தலத்தில் ஒருவர் வீட்டில் சாவு என்றால் நலன்புரிச் சங்கம் வேன் பிடித்துப் போவது வழக்கம். சாவு வீட்டுக்குப் போன் எடுத்துத் தொல்லை கொடுக்கக் கூடாதென்பதும் வழக்கம். அதனால் யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை. இரண்டுபேர் லைட் போஸ்டில் வெள்ளைக்கொடி கட்டினார்கள். இரண்டுபேர் மதிலில் பெனரை விரித்தார்கள். சிங்களத்திலும் தமிழிலும் கொட்டை எழுத்து. 'எமது ஊழியர் கலாராணியின் அன்பு மாமியாரின் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்.'

சீனியும் தேயிலையும் பிஸ்கட்டும் கையில் பிடித்து, தலையைக் குனிந்துகொண்டு அவர்கள் முன்னறைக்குள் வந்தார்கள். ஜன்னலோரக் கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து, கலாராணி ஊட்டிய கஞ்சியைச் சிவனம்மா குடித்துக்கொண்டிருந்தாள்.

முன்னால் வந்த பெண்ணின் கையிலிருந்து சீனிப் பை நழுவித் தரையில் கொட்டியது.

அன்றைக்கும் வந்திருந்த யோகமணிதான் முதலில் வாய் திறந்தாள். வெளியே ஓடிப்போய்ப் பெனரை வாசித்துவிட்டு வந்தவள், வந்த வேகத்திலேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

"உசுரோட இருக்கிற எங்கம்மாவ சாகடிச்சு லீவு வாங்கியிருக்காளே... நாலு நாள் அள்ளிப் போட்டதுக்கே ஒனக்கு இவ்வளவு அலுத்துப் போச்சா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

கலாராணி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வாசலில் குந்தி ஆட்டோவின் டயரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த டயருக்கு ஒரு குறையுமில்லை. அவளுக்கு எல்லாம் விளங்கியது.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் கட்டிலில் கிடப்பவளுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருக்கும் பிடிப்பு அந்த மகன் ஒருவன்தான். அவன் வாயாலேயே தன் சாவு சொல்லப்பட்டதென்று தெரிந்தால் அந்தக் கிழவி உண்மையிலேயே போய்விடுவாள் என்று கலாராணி நினைத்தாள். கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நான்தான் அப்படிச் சொல்லி லீவு எடுத்தேன்," என்றாள்.

பதினைந்து வருடம் கூட இருந்து தைத்த பெண்கள் அவளை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்கள். யோகமணி காறித் துப்பினாள். திலீபன் எழுந்து ஆட்டோவை ஸ்டார்ட் செய்து எங்கேயோ போய்விட்டான். சிவனம்மா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கழற்றிய பெனரை எங்கே போடுவதென்று தெரியாமல் கலாராணி நின்றபோதுதான் கிழவியின் குரல் வந்தது.

"மடிச்சு அலுமாரில வை. எப்படியும் ஒருநாள் வேணுந்தானே."

திங்கட்கிழமை கடிதம் வந்தது. பொய்த் தகவல் கொடுத்து லீவு பெற்றதற்காக வேலை இடைநிறுத்தம், இரண்டு கிழமையில் விசாரணை. ஆக, கேட்டுக் கிடைக்காத லீவு இப்போது தாராளமாகக் கிடைத்துவிட்டது. அந்த இரண்டு கிழமையும் அவள் மாமியாருக்குப் புண் துடைத்தாள், கால் நீவினாள், கம்பைப் பிடித்து நிற்கப் பழக்கினாள். ஒழுங்கையில் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றது. திலீபன் அவள் முகத்தைப் பார்க்காமல் சோறு தின்றான். சிவனம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, ஏசவுமில்லை. ஏச்சில்லாத அந்த மௌனம் கலாராணிக்கு இன்னும் கொடுமையாக இருந்தது.

விசாரணையன்று காலை அவள் சேலை உடுத்திக்கொண்டிருக்க, கிழவி மகனைக் கூப்பிட்டாள்.

"ஆட்டோவ வாசலுக்கு எடு. நானும் வர்றேன்."

"நடக்க முடியாம நீ எங்கம்மா..."

"செத்தவளுக்கு எங்க போனா என்ன. எடுடா."

இரண்டுபேர் தாங்கிப் பிடித்து மனிதவளப் பிரிவில் அவளைக் கதிரையில் இருத்தினார்கள். தில்ருக்ஷி மிஸ்ஸோடு தமிழ் தெரியாத ஒரு பெரிய ஐயாவும் இருந்தார். கிழவி பேசப் பேச, கலாராணிதான் அவருக்குச் சிங்களத்தில் சொல்லவேண்டியிருந்தது.

"துவைக்கிற கல்லு என் கட்டில் ஜன்னலுக்கு நேரா கீழதான் இருக்கு," என்றாள் சிவனம்மா. "காய்ச்சல்ல கெடந்தாலும் காது கேட்டுச்சு. 'எங்கம்மா விடியக்காலைல செத்துட்டாங்க'ன்னு எம்மகன் போன்ல சொன்னான். இவளுக்குத் தெரியாது. இவ அடுப்படில சுடுதண்ணி வச்சுக்கிட்டு இருந்தா."

கலாராணி கிழவியைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியென்றால் இந்த இரண்டு கிழமையும் இவளுக்குத் தெரியும். தெரிந்தே சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். ஒரு கணம் நெஞ்சு எரிந்தது. ஆனாலும் பழகிய வாய் பழகியபடியே போனது. வீட்டில் ஒருவர் தெரியாத்தனமாகப் போனில் சொல்லிவிட்டார் என்று மட்டும் ஐயாவிடம் சிங்களத்தில் சொன்னாள்.

கிழவி கம்பைத் தரையில் குத்தினாள்.

"மகே புத்தா," என்றாள் ஐயாவின் முகத்தைப் பார்த்து. என் மகன். சந்தையில் காய்கறி விற்ற காலத்துச் சிங்களம் அவளிடம் அவ்வளவாவது மிச்சமிருந்தது. இன்னொரு முறையும் சொன்னாள். "மகே புத்தா."

வாசலில் நின்ற திலீபன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

சிவனம்மா மருமகளின் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கே சொல்லியிருக்கணும். பெத்த மகன்னு வாய மூடிக்கிட்டேன். நீ எனக்காகப் பழிய ஏத்துக்கிட்ட, நான் அவனுக்காக ஒன்னய விட்டுட்டேன்... கலா, இந்தக் கெழவிய மன்னிச்சிரு தாயி."

பதினெட்டு வருடத்தில் முதல்முறையாகத் தன் பெயரை அந்த வாயால் கேட்டதும் கலாராணி அப்படியே கீழே குந்தி, கிழவியின் மடியில் முகத்தை வைத்து அழுதாள். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிழவி மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாரத்தில் யார் யார் பெயர் இருக்கிறதென்று கேட்டாள். மிஸ் வாசித்துக் காட்டினார்.

"இவளுக்கு ஆத்தா இல்ல. அந்த எடம் காலியாத்தானே கெடக்கு. அதுல என்னயப் போட ஏலாதா?"

அப்படிச் செய்ய முடியாது அம்மா என்று மிஸ் சொன்னார். வேலை தப்பியது. லைன் லீடர் பதவி போனது. இனி இவளுக்குப் போனில் லீவு கிடையாது, எதற்கென்றாலும் நேரில் வந்து எழுதிக் கொடுக்கவேண்டும் என்றும் கோப்பில் எழுதினார்கள். யார் சொன்ன பொய்யானாலும் தண்டனை என்று ஒன்று யாருக்காவது கொடுக்கத்தானே வேண்டும். அன்றிலிருந்து மூத்திரச் சட்டியைத் திலீபன் எடுத்தான், கை கழுவும் கணக்கைப் பற்றி மூச்சுவிடாமல்.

எட்டு மாதம் கழித்து ஒரு விடிகாலையில் சிவனம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள். ஈரல் துண்டு கலாராணியின் தட்டுக்கு மாறி எட்டு மாதம்.

ஐந்தரைக்கு யோகமணியும் சொந்தக்காரர்களும் வந்து அழத் தொடங்கினார்கள். ஆறு மணிக்குக் கலாராணி முகத்தைக் கழுவிக்கொண்டு, வேலைக்குப் போகும் பையை எடுத்தாள்.

"நான் வர்ற வரைக்கும் குளிப்பாட்டாதீங்க," என்றாள்.

"பொணம் வீட்டுல கெடக்க இவ வேலைக்குப் போறா பாருங்க..." என்று யோகமணி எழுந்தாள். அப்போதுதான் திலீபன் முதல்முறையாக எல்லார் முன்னாலும் வாய் திறந்தான்.

"அவ லீவு கேக்கப் போறாக்கா. நேர்லதான் போய்க் கேக்கணும். அன்னைக்கு அந்தப் பொய்யச் சொன்னது நான். அவ இல்ல."

யோகமணி நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். அந்த நியாயத்தைக் கேட்க நிற்கக் கலாராணிக்கு நேரமிருக்கவில்லை. பஸ் ஆறேகாலுக்கு.

தில்ருக்ஷி மிஸ் கணினியைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு மிகவும் மெதுவாகச் சொன்னார். மாமியார் மரணம், மூன்று நாள், ஏற்கெனவே எடுத்தாயிற்று. ஒருவருக்கு ஒருமுறைதான் கொடுக்கலாம்.

கலாராணி ஒரு புதிய பாரமும் பேனையும் கேட்டு வாங்கினாள். இறந்தவரின் பெயர் என்ற இடத்தில் சிவனம்மா என்று எழுதினாள். உறவுமுறை என்ற இடத்தில் தாய் என்று எழுதினாள். பாரத்தை மிஸ்ஸின் பக்கம் திருப்பி வைத்தாள்.

மிஸ்ஸின் மேசையில் அவளுடைய கோப்பு திறந்தே இருந்தது. பதினைந்து வருடத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த அன்று அவளே எழுதிய எழுத்து அதில் இருந்தது. தாய்: காலமாகிவிட்டார். மிஸ் அதைப் பார்த்தார், பாரத்தைப் பார்த்தார், கலாராணியின் சிவந்த கண்களைப் பார்த்தார். கோப்பை மூடிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"வேன் அனுப்பட்டா, கலா? பெனர் ஒண்டு அடிக்கணும்..."

"வேன் அனுப்புங்க மிஸ்," என்றாள் கலாராணி. "பெனர் வேணாம். எங்கம்மா எடுத்து வச்சிருக்காங்க."